அனனியாவின் இரண்டு வருடம்

அன்புள்ள ஐயா,

மூன்று வருடமாக டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதுகிறேன். புது வருட ஆராதனையில் ஆளுக்கொரு வேத வசனம் போட்டுக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் எனக்கு வந்தது எரேமியா 29:11. இந்தத் தடவை நிச்சயம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உபவாசம் இருந்தேன், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு சபைக்குக் கொடுக்கும் தசமபாகம் தவறியதில்லை. ஆனால் வேலை கிடைக்கவில்லை. என்னோடு படித்த தோழிக்குக் கிடைத்துவிட்டது. அவள் கோவில் பக்கமே வரமாட்டாள். போதகர் 'விசுவாசக் குறைவு' என்கிறார். என் விசுவாசத்தில் என்ன குறை? சபை மாறினால் சரியாகுமா? தேவனை மையமாக வைத்து வாழ வேண்டும் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். என் நிலைமையில் இருப்பவள் அதை எப்படிச் செய்வது?

ஜா.

அன்புள்ள ஜா.,

நாலு நாளாக நானும் எரேமியாவைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. வழக்கமாக இந்த மாதிரிக் கடிதங்களுக்குத் தனியாகத்தான் பதில் போடுவேன். உங்களைப் போல அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

சபை மாறுவது, தசமபாகம் இதெல்லாம் இப்போது பேச வேண்டியதில்லை. உங்கள் போதகர் சொன்னது தவறு. அதை இத்தோடு விடுகிறேன்.

அட்டைக்கு வருவோம். கர்த்தர் உங்கள்மேல் நினைத்திருக்கிற நினைவுகள் 'தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்கிற வசனம். அந்த வசனத்துக்கு முந்தைய வசனத்தை வாசித்தீர்களா? 'எழுபது வருஷம்' என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. கிமு 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் யூதாவின் அரசனையும் பிரபுக்களையும் தச்சர்களையும் கொல்லர்களையும் வாரிக்கொண்டு போனான். அவர்களுக்குத்தான் எழுதுகிறார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள். எழுபது வருடம் கழித்துத் திரும்பக் கூட்டி வருவேன் என்கிறார் கர்த்தர். கடிதத்தை வாசிக்கக் கேட்ட நாற்பது வயதுக்காரன் ஊர் திரும்பியிருக்க முடியுமா? அவன் பாபிலோன் மண்ணில்தான் செத்திருப்பான். 'சமாதானத்துக்கேதுவான நினைவுகள்' என்பது அவனுக்கும் சேர்த்துச் சொன்னதுதான். ஆனால் அந்த நினைவு அவனோடு தொடங்கவில்லை, அவனோடு முடியவும் இல்லை.

இன்னும் ஒரு அதிகாரம் முன்னால் போங்கள். 28-ல் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். தேவாலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொல்கிறான்: இரண்டே வருடம், எல்லாம் திரும்பி வந்துவிடும். எரேமியா முதலில் 'ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக' என்கிறார். அவருக்கும் ஆசை இருக்காதா? இரண்டு வருடத்தில் முடிந்தால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அது கர்த்தர் சொன்னதல்ல. பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த நுகத்தை அனனியா பிடுங்கி உடைத்துப் போடுகிறான். அந்த நேரத்துக் கைதட்டலை என்னால் கேட்க முடிகிறது. அதே வருடம் ஏழாம் மாதத்தில் அவன் செத்துப்போனான்.

இன்று நம் மேடைகளில் பாதி அனனியாதான் பேசுகிறான். 'இது உன்னுடைய வருஷம்', 'இந்த மாதம் உனக்குத் திறந்த வாசல்', 'உன்னை அவமதித்தவர்கள் முன்னால் தலைநிமிர்வாய்'. எல்லாமே உன், உன், உன். அதில் கர்த்தர் யார்? கையெழுத்துப் போட்டுக்கொடுக்க வேண்டிய அதிகாரி, அவ்வளவுதான். எரேமியாவின் வாயிலிருந்து வந்த வசனத்தை வெட்டியெடுத்து, பின்னால் ரோஜாப்பூப் படம் போட்டு, அனனியாவின் குரலில் வாசிக்கிறார்கள். இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. உங்களை மாதிரிப் பிள்ளைகள் நம்பி ஏமாந்து, கடைசியில் கர்த்தரே ஏமாற்றிவிட்டார் என்று நினைப்பதைப் பார்க்கும்போது அந்தக் கோபம் இரண்டு மடங்காகிறது.

சரி, இப்போது உங்களிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசப் போகிறேன். என் விசுவாசத்தில் என்ன குறை என்று கேட்கிறீர்கள். வேலை கிடைத்திருந்தால் 'என் விசுவாசம்' என்று சாட்சி சொல்லியிருப்பீர்கள். கிடைக்காததால் 'என் விசுவாசக் குறைவு' என்கிறீர்கள். இரண்டிலும் நடுவில் உட்கார்ந்திருப்பது யார்? பெருமையில் மட்டும்தான் தன்னலம் இருக்கும் என்று நினைக்காதீர்கள். ராத்திரி முழுக்கத் தன் குறையையே தோண்டிக்கொண்டிருப்பதும் அதே வியாதிதான். தேர்வில் லட்சக்கணக்கானவர்கள் உட்காருகிறார்கள், இடம் சில ஆயிரம். கட்-ஆஃப் ஏறிவிட்டது, உங்கள் மதிப்பெண் எட்டவில்லை. இது கணக்கு. இதற்குள் உங்கள் ஆத்துமாவின் ரிப்போர்ட் கார்டைத் தேடாதீர்கள்.

அழக்கூடாது என்று சொல்லவில்லை, அம்மா. 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று 13-ஆம் சங்கீதமே கதறுகிறது. அதை அவரைப் பார்த்துக் கதறுங்கள். அம்மா தூங்கிய பிறகு தலையணையில் முகம் புதைத்துக்கொண்டு, உங்களையே பார்த்துக் கதறிக்கொண்டிருக்காதீர்கள்.

என் ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்குநேரிக்குத் தெற்கே, செம்மணல் தேரிக்காட்டு ஊர். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பானையில் போடுவாள். கோவிலுக்கான பிடியரிசி. கடனுக்கு அரிசி வாங்கிய நாளிலும் அந்தப் பிடியை எடுப்பாள்; விரலை மட்டும் கொஞ்சம் இறுக்கிக்கொள்வாள், பிடி சின்னதாகும். சாயங்கால ஜெபத்தில் முதலில் ஸ்தோத்திரம். அப்புறம் மழை. அப்புறம் தோர்னக்கல். 1903-ல் திருநெல்வேலிச் சபையார் தாங்களே காசு போட்டு இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டுத் தோர்னக்கலுக்கு ஆள் அனுப்பினார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912-ல் அங்கே பேராயர் ஆனார். ஆச்சி ரயிலேறி மதுரைக்குக்கூடப் போனதில்லை. தோர்னக்கல் எந்தத் திசை என்று கேட்டால் கையைக் காட்டத் தெரியாது. ஆனாலும் அந்த ஊர் ஜனங்களுக்காக ஒரு ராத்திரி விடாமல் ஜெபித்தாள். எங்கள் பெயர்கள் அதற்குப் பிறகு வரும். அவளுடைய முழங்கால் வலி கடைசியில் வரும், சில நாள் வரவே வராது. பசியால் நான் நெளிவேன். 'உனக்கு முன்னால ஆண்டவருக்கு வேற சோலி இருக்குல்லா, இருலே' என்பாள்.

கர்த்தருடைய ஜெபத்தின் வரிசையும் அதுதானே? நாமம், ராஜ்யம், சித்தம், அதற்கப்புறம்தான் ஆகாரம். ஆகாரம் இல்லாமல் இல்லை. ஆச்சி அதைப் படித்துத் தெரிந்துகொண்டவள் இல்லை. கர்த்தருடைய காரியம் பெரியது, அதில் தனக்கும் ஒரு பிடி இடம் இருக்கிறது என்பதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைத்தான் உங்களிடமிருந்து திருடிவிட்டார்கள்.

தேர்வை மறுபடி எழுதுங்கள், நன்றாகப் படித்து எழுதுங்கள். அந்தத் தோழியைப் பற்றி எழுதிய வரிதான் உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் வலித்தது. 'அவள் கோவில் பக்கமே வரமாட்டாள்.' அதனால் கர்த்தர் அவளுக்குக் கொடுக்கக்கூடாதா? இன்று ராத்திரி அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி, அவள் வேலைக்காக ஸ்தோத்திரம் பண்ணுங்கள். முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டியிருக்கும். பரவாயில்லை, சொல்லுங்கள். மறுநாளும் சொல்லுங்கள்.