கேம் கடைகளும் எக்ஸ்க்ளூசிவ் ஒப்பந்தங்களும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சின்ன கேம் குழுக்களுக்குக் கடைப் பக்கம் தயார் செய்வது, விலை வைப்பது, மாதக் கணக்கைச் சரிபார்ப்பது, இதுதான் பல வருடமாக என் வேலை. பிசி கேம் விற்கும் கடைகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அருண்: அண்ணா, ஸ்டீமுக்கும் எபிக்குக்கும் இந்தச் சண்டை எப்படி ஆரம்பித்தது? நான் கேம் விளையாட வந்தபோதே இரண்டு கடையும் இருந்தன.

ஸ்டீம் 2003 செப்டம்பரில் வந்தது. அதை நடத்தும் வால்வ் நிறுவனம் தன் சொந்த கேம்களுக்கு அப்டேட் அனுப்பத்தான் முதலில் அதை வைத்திருந்தது. 2004 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 வெளியானபோது, கடையில் டிஸ்க் வாங்கியிருந்தாலும் ஸ்டீம் இருந்தால்தான் ஓடும் என்றார்கள், அன்றைக்கு அதைத் திட்டாதவர்கள் குறைவு. அடுத்த வருடத்திலிருந்து மற்றவர்களின் கேம்களும் அங்கே விற்பனைக்கு வந்தன. அப்புறம் கொஞ்ச வருடத்திலேயே பிசி கேம் என்றால் ஸ்டீம் என்று ஆகிவிட்டது. விற்பனையில் 30 சதவீதம் கடைக்கு, மீதி கேம் செய்தவருக்கு.

2018 டிசம்பர் 6 அன்று எபிக் தன் கடையைத் திறந்தது. தன் ஃபோர்ட்நைட் கேமில் வந்த பணம் கையில் இருந்தது, பங்கு 12 சதவீதம் போதும் என்றார்கள். அதற்கு ஒரு வாரம் முன்புதான் வால்வ் தன் பங்கைக் குறைத்திருந்தது: ஒரு கேம் 1 கோடி டாலரைத் தாண்டினால் அதற்கு மேல் 25 சதவீதம், 5 கோடி டாலரைத் தாண்டினால் 20. அவ்வளவு விற்காத சின்ன ஆட்களுக்கு அதே 30தான். இது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. நூறு ரூபாயில் முப்பது போனால் யாருக்கு அடுத்த மாத வாடகை இடிக்குமோ, அவர்களுக்குத்தான் சலுகையே இல்லை.

மீனா: 30, 12 என்று சொல்கிறார்கள். செய்தவர் கைக்கு உண்மையில் எவ்வளவு வரும்?

இந்தியாவில் ஒரு கேம் 1000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த விலைக்குள் 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது, அதை எடுத்தால் 847. ஸ்டீம் 30 சதவீதம் எடுத்தால் 593 மிஞ்சும், எபிக் தொடக்கத்தில் வைத்த 12 எடுத்தால் 746 (2025இல் இது மாறியது, கடைசிப் பதிலில் சொல்கிறேன்). ஒரு பிரதிக்கு 153 ரூபாய் வித்தியாசம். கேம் செய்ய எபிக் தரும் மென்பொருளான அன்ரியல் என்ஜினில் செய்ததாக இருந்தால், அந்த என்ஜினுக்குத் தர வேண்டிய 5 சதவீத ராயல்டியையும் தன் கடையில் நடக்கும் விற்பனைக்கு எபிக் விட்டுக்கொடுத்தது.

எண்ணிக்கையில் வைத்துப் பாருங்கள். எபிக்கில் 1000 பிரதி விற்றால் 7,46,000. அதே கேம் ஸ்டீமில் 3000 பிரதி விற்றால் 17,79,000. கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே பங்கு அதிகம் போனாலும் கைக்கு வருவது கூடுதல். எபிக்குக்கும் இது தெரியும். 12 சதவீதம் என்று சொல்லிவிட்டு மட்டும் உட்காராமல், எக்ஸ்க்ளூசிவுக்கு, அதாவது ஒரு கேமைக் குறிப்பிட்ட காலம் தன் கடையில் மட்டும் விற்பதற்கு, பணம் கொடுக்க இறங்கியது அதனால்தான்.

செந்தில்: பங்கு குறைந்ததால் நமக்கு விலை குறைந்ததா?

மெட்ரோ எக்ஸோடஸ் அமெரிக்காவில் எபிக்கில் 50 டாலருக்கு வந்தது, ஸ்டீமில் 60 வைத்திருந்தார்கள். அந்த மாதிரி சிலதுதான். பெரும்பாலும் மிச்சமானது கேமை வெளியிடும் நிறுவனமான பப்ளிஷர் கணக்கில்தான் சேர்ந்தது.

பிரபு: மெட்ரோ விஷயத்தில் மக்கள் ஏன் அவ்வளவு கொதித்தார்கள்? ஒரு வருடம் கழித்து ஸ்டீமுக்கு வந்துவிட்டதே.

அறிவிப்பு வந்த நேரம்தான் காரணம். கேம் வெளியாகும் தேதி 2019 பிப்ரவரி 15. ஸ்டீமில் மாதக்கணக்காக ப்ரீ-ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஜனவரி 28 அன்று, வெளியீட்டுக்கு மூன்று வாரம்கூட இல்லாதபோது, இனி ஒரு வருடத்துக்கு எபிக்கில் மட்டும் என்று அறிவித்தார்கள். முன்பே பணம் கட்டியவர்களுக்கு ஸ்டீமிலேயே கேம் கிடைத்தது, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் வால்வ் தன் கடைப் பக்கத்திலேயே இது எங்கள் வாடிக்கையாளர்களுக்கு நியாயமில்லை என்று எழுதி வைத்தது. டிஸ்க் பெட்டிகள் அதற்குள் அச்சாகி முடிந்திருந்தன, அவற்றில் இருந்த ஸ்டீம் சின்னத்தின் மேல் எபிக் ஸ்டிக்கரை ஒட்டி விற்றார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கே சங்கடமாக இருந்தது. கடைசி நிமிடத்தில் ஆள் மாறியது அந்த ஸ்டிக்கரிலேயே தெரிந்தது.

இதைவிட மோசமாக நான் நினைப்பது மக்களிடம் முன்பணம் திரட்டிச் செய்த கேம்கள். ஃபீனிக்ஸ் பாயின்ட், ஷென்மூ 3 இரண்டுக்கும் ஸ்டீமில் தருவோம் என்ற பேச்சை நம்பி ஆயிரக்கணக்கானவர்கள் கேம் பிறக்கும் முன்பே பணம் போட்டார்கள். 2019இல் இரண்டும் எபிக் பக்கம் போயின. பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று அப்புறம் சொன்னார்கள், சரி, ஆனால் கொடுத்த வாக்கு போனது போனதுதான். ஒரு கேம் எந்தக் கடையில் வரும் என்று யாருக்கும் சொல்லாத நிலையில், ஒருவர் எபிக்கோடு ஒப்பந்தம் போட்டால் எனக்கு அதில் எந்தக் குறையும் இல்லை. சொல்லிவிட்டு மாறுவது வேறு.

ஃபாத்திமா: எபிக் எவ்வளவு கொடுத்தது? சும்மா காசு கொடுத்துவிடுவார்களா?

சினிமா விநியோகத்தில் எம்.ஜி. என்று சொல்வார்களே, மினிமம் கேரண்டி, அதே ஏற்பாடுதான், பெயரும் அதேதான். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தயாரிப்பாளருக்கு இவ்வளவு என்று முதலிலேயே கொடுத்துவிடுவது. வசூல் வர வர விநியோகஸ்தர் முதலில் தன் பணத்தை எடுத்துக்கொள்வார், அதற்கு மேல் வந்தால் பங்கு. கேமிலும் அதைச் செய்த டெவலப்பருக்குப் பணம் முன்கூட்டியே வந்துவிடும், விற்காவிட்டால் நஷ்டம் கடைக்கு.

எபிக்குக்கும் ஆப்பிளுக்கும் நடந்த வழக்கில் 2021இல் பல கணக்குகள் வெளியே வந்தன. பார்டர்லேண்ட்ஸ் 3க்கு மினிமம் கேரண்டியே 8 கோடி டாலர், அந்தப் பணம் விற்பனையில் இரண்டே வாரத்தில் திரும்பிவிட்டது. கன்ட்ரோல் கேமுக்கு ஏறத்தாழ 95 லட்சம் யூரோ போனது, இது பப்ளிஷரின் தாய் நிறுவனம் வெளியிட்ட கணக்கிலிருந்தே தெரிந்தது. எல்லாம் பார்டர்லேண்ட்ஸ் மாதிரி ஓடவில்லை. எக்ஸ்க்ளூசிவுகளில் சில மிக நன்றாகப் போயின, பல நல்ல முதலீடாக அமையவில்லை என்று எபிக்கின் தலைவர் டிம் ஸ்வீனியே 2024இல் ஒப்புக்கொண்டார்.

என் தொழிலில் இந்த ஒப்பந்தங்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பணத்தால் சில குழுக்கள் கலையாமல் இருந்தன. மூன்று வருடம் உழைத்த கேம் வெளியாகும் முன்பே எல்லோருக்கும் சம்பளம் உறுதி என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று வெளியே இருந்து பார்த்தால் புரியாது.

தினேஷ்: வாராவாரம் இலவச கேம் கொடுக்கிறார்களே, அதில் என்ன லாபம்?

ஆள் சேர்க்கிறார்கள். அதே வழக்கில் வந்த கணக்குதான்: முதல் ஒன்பது மாதத்தில் 38 கேம்களை இலவசமாகக் கொடுக்க 1 கோடியே 16 லட்சம் டாலர் செலவு, புதிதாகச் சேர்ந்த கணக்குகள் ஏறத்தாழ 50 லட்சம். ஒரு புதுக் கணக்குக்கு இரண்டரை டாலர்கூட ஆகவில்லை. விளம்பரத்தில் இந்த விலைக்கு ஆள் கிடைக்காது. 2020 மே மாதம் ஜிடிஏ 5 கொடுத்த அன்று கடையே படுத்துவிட்டது. வந்தவர்கள் அப்புறம் காசு கொடுத்து வாங்குகிறார்களா என்பதுதான் எபிக்கின் தலைவலி.

விக்னேஷ்: அப்படியானால் ஸ்டீம் நல்லவர், எபிக் கெட்டவரா? ஸ்டீம் யாருக்கும் எக்ஸ்க்ளூசிவுக்குக் காசு தருவதில்லையே.

காசு கொடுத்துக் கட்டிப்போடுவதில்லை, சரி. ஆனால் டோட்டா 2, கவுன்டர்-ஸ்ட்ரைக், ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் இதையெல்லாம் பிசியில் ஸ்டீம் தவிர வேறெங்கும் பார்த்திருக்கிறீர்களா? சொந்தச் சரக்கு, அதனால் யாரும் கேட்பதில்லை. எபிக்கும் இதே வழியில் போனது. ராக்கெட் லீக் செய்த நிறுவனத்தை 2019இல் வாங்கியது, அடுத்த வருடம் அந்த கேம் புதியவர்களுக்கு ஸ்டீமில் கிடைக்காமல் போனது.

ஸ்டீம் மேல் இருக்கும் பெரிய புகார் விலை பற்றியது. ஒரு டெவலப்பர் ஸ்டீம் கீ (கேமை ஸ்டீமில் திறக்கும் குறியீடு) எடுத்து வேறு இடத்தில் விற்கலாம், அதில் வால்வ் ஒரு பைசா பங்கு எடுப்பதில்லை, இது உண்மையிலேயே பெரிய உதவி. பதிலுக்கு, ஸ்டீமில் வாங்குகிறவரை விட அங்கே வாங்குகிறவருக்கு நல்ல சலுகை தரக்கூடாது என்பது விதி. கீயே இல்லாமல் முழுக்க வேறு கடையில் விற்கும் பிரதிக்கும் இந்த விலைக் கட்டுப்பாடு நீள்கிறது என்று வுல்ஃபயர் கேம்ஸ் 2021இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டது, 2024 நவம்பரில் நீதிமன்றம் அதை எல்லா டெவலப்பர்களுக்குமான கூட்டு வழக்காக ஏற்றது. 12 சதவீதக் கடையில் விலையைக் குறைத்து வைக்க ஒரு டெவலப்பர் பயந்தால், குறைந்த பங்கின் பலன் நம்மிடம் எப்படி வரும்? செந்தில் கேட்டதற்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் வால்வுக்கும் ஐந்து பப்ளிஷர்களுக்கும் சேர்த்து 78 லட்சம் யூரோ அபராதம் போட்டதையும் சொல்லிவிடுகிறேன். விலை குறைந்த ஒரு ஐரோப்பிய நாட்டில் வாங்கிய கீ இன்னொரு நாட்டில் வேலை செய்யாதபடி பூட்டியதற்காக.

கவிதா: எக்ஸ்க்ளூசிவ் போன டெவலப்பர்களைத் திட்டினால்தானே அவர்களுக்கு உறைக்கும்?

இல்லை, கவிதா. 2019இல் ஊப்லெட்ஸ் என்ற கேமை எபிக்குக்குக் கொண்டுபோனது இரண்டே பேர் கொண்ட குழு. அவர்களுக்கு ஆயிரக்கணக்கில் மிரட்டலும் வசையும் வந்தன. விவசாயம் செய்து, நடனமாடும் குட்டிப் பிராணிகளை வளர்க்கும் கேம் அது. அதைச் செய்த இரண்டு பேர் காலையில் எழுந்து போனைத் திறக்கவே பயந்தால், யாருக்கு என்ன நியாயம் கிடைத்தது? பிடிக்கவில்லை என்றால் வாங்காதீர்கள், ப்ரீ-ஆர்டர் போட்டிருந்தால் பணத்தைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டீம், எபிக் இரண்டிலும் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ரீஃபண்ட் உண்டு. காசை நிறுத்தினாலே பப்ளிஷருக்குப் புரியும்.

ராஜா: இவ்வளவு போட்டி நடந்தும் எல்லோரும் ஸ்டீமுக்கே திரும்பிவிட்டார்களே, ஏன் சார்?

ஆமாம், பெரிய பப்ளிஷர்களே திரும்பினார்கள். 2011இல் விலகத் தொடங்கிய இஏ 2019இல் திரும்பியது, பெதஸ்டா தன் சொந்தக் கடைச் செயலியான லாஞ்சரையே 2022இல் மூடியது, யூபிசாஃப்ட்டும் அதே வருடக் கடைசியில் வந்துவிட்டது.

எபிக் கடையில் ஷாப்பிங் கார்ட் எப்போது வந்தது தெரியுமா? 2021 டிசம்பரில். கடை திறந்து மூன்று வருடம்! தள்ளுபடி நாட்களில் ஐந்து கேம் வாங்க ஐந்து தடவை பணம் கட்ட வேண்டும், நான்காவது தடவை வங்கிக்குச் சந்தேகம் வந்து கார்டை நிறுத்திவிடும், எனக்கே நடந்தது. கோடிக்கணக்கில் பணம் கொட்டி கேம்களை வளைத்த நேரத்தில், வந்த ஆளை உட்கார வைக்க ஒரு நாற்காலி போடவில்லை. எக்ஸ்க்ளூசிவ் கேமுக்காக வருகிறவர் அந்த கேமை முடித்ததும் கிளம்பிவிடுவார். அவர் நண்பர்கள், விமர்சனம், மாட்கள் (ரசிகர்கள் கேமுக்குச் செய்யும் மாற்றங்கள்), பத்து வருடமாகச் சேர்த்த கேம்கள் எல்லாம் ஸ்டீமில் இருக்கின்றன.

போட்டி வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. மைக்ரோசாஃப்ட் தன் பிசி கடையில் 2021 ஆகஸ்ட் முதல் கேம்களுக்கு 12 சதவீதம் என்று இறங்கியது எபிக் போட்ட அழுத்தம் இல்லாமல் நடந்திருக்காது.

ஜெயந்தி: கடை மூடினால் நான் வாங்கிய கேம்கள் என்ன ஆகும்?

சட்டப்படி நீங்கள் வாங்குவது பயன்படுத்தும் உரிமம்தான். கலிஃபோர்னியா சட்டம் ஒன்றை ஒட்டி, ஸ்டீமே 2024இலிருந்து பணம் கட்டும் இடத்தில் இதை எழுதிக் காட்டுகிறது. மனதுக்குப் பிடித்த கேம் ஜிஓஜி என்ற கடையில் இருந்தால் அங்கே வாங்கி, இன்ஸ்டாலர் கோப்பை ஹார்ட் டிஸ்கில் சேமித்துவிடுங்கள். பூட்டு எதுவும் இருக்காது, கடை இல்லாவிட்டாலும் ஓடும்.

கார்த்திக்: நாங்கள் நான்கு பேர் கோவையில் ஒரு கேம் செய்கிறோம். ஒரு கடையிலிருந்து எக்ஸ்க்ளூசிவ் பேச்சு வந்திருக்கிறது. கையெழுத்துப் போடலாமா அண்ணா?

முதலில் வாழ்த்து, தம்பி. முன்பணம் இருக்கிறதா என்று கேளுங்கள். 2019இல் கொடுத்த மாதிரிப் பணம் இப்போது எளிதில் வராது. எபிக் 2023இல் கொண்டுவந்த ஃபர்ஸ்ட் ரன் திட்டத்தில் ஆறு மாத எக்ஸ்க்ளூசிவுக்கு 100 சதவீத வருமானமும் உங்களுக்கு, ஆனால் முன்பணம் கிடையாது, விற்றால்தான் காசு. போதாக்குறைக்கு 2025 ஜூனிலிருந்து, எக்ஸ்க்ளூசிவாக இல்லாவிட்டாலும் ஒவ்வொரு கேமுக்கும் வருடத்தின் முதல் 10 லட்சம் டாலர் வரை எபிக் பங்கே எடுப்பதில்லை. அந்த அளவு விற்பனைக்குள் இருக்கும் கேமுக்குக் கட்டுப்பட்டுப் போவதில் பங்கு அளவில் பெரிய லாபம் இல்லை.

முன்பணம் உண்டு என்றால், உங்கள் நான்கு பேரின் பதினெட்டு மாதச் சம்பளத்தைக் கூட்டி அந்தத் தொகையோடு ஒப்பிடுங்கள். ஸ்டீமில் விஷ்லிஸ்ட் (வாங்க நினைப்பவர்கள் குறித்து வைக்கும் பட்டியல்) ஏற்கெனவே நன்றாகச் சேர்ந்திருந்தால் தொகை அதைவிடக் கணிசமாக மேலே இருக்க வேண்டும், ஏனென்றால் விஷ்லிஸ்ட் போட்டவர்களுக்கு வெளியீட்டு நாளில் போகும் மின்னஞ்சல்தான் உங்களுக்கு இருக்கும் ஒரே இலவச விளம்பரம், அந்த ஆட்கள் ஒரு வருடம் காத்திருந்து அதே ஆசையோடு வாங்குவார்கள் என்று நம்பி இறங்காதீர்கள்.

அப்புறம் ஒப்பந்தத்தில் 'பன்னிரண்டு மாதம்' என்று இருக்கும் வரியை விரலை வைத்துப் படியுங்கள். எந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம்? நான் வேலை பார்த்த ஒரு குழு, ஏர்லி ஆக்ஸஸ் (முடியாத கேமை முன்கூட்டியே விற்பது) ஆரம்பித்த நாளிலிருந்து என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டது. அந்தக் கடை முழு வெளியீட்டிலிருந்து என்று எழுதியிருந்தது. ஏர்லி ஆக்ஸஸே பதினான்கு மாதம் இழுத்தது, ஆக மொத்தம் இருபத்தாறு மாதம் அவர்களால் வேறு எங்கும் விற்க முடியவில்லை. தேதியை எண்ணில் எழுதித் தரச் சொல்லுங்கள், ஆரம்பமும் முடிவும். மறுத்தால் எனக்கு அந்தப் பக்கத்தை அனுப்புங்கள், சேர்ந்து படிக்கலாம்.