முதல் மலைப் பயணமா? கூடாரத்தை உச்சியில் போடாதீர்கள்

கேள்வி: நாங்கள் ஆறு பேர், வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம். நான்கு ஆண்கள், இரண்டு பெண்கள். சித்திரைப் புத்தாண்டு லீவில் பதுளைப் பக்கம் நாரங்கல மலைக்குப் போய், உச்சியில் கூடாரம் போட்டு ஒரு இரவு தங்கி, சூரிய உதயம் பார்த்துவிட்டு வர யோசிக்கிறோம். சிவனொளிபாத மலை ஏறியதைத் தவிர வேறு அனுபவம் இல்லை. ஒருவனுக்கு வீசிங் இருக்கிறது. கூடாரம் வாடகைக்கு எடுக்கலாமா? என்னென்ன கொண்டுபோக வேண்டும்? அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: போங்கள் தம்பி, கட்டாயம் போங்கள். இந்த வயதில் ஆறு பேர் ஒன்றாகக் கிளம்பக் கிடைப்பது பெரிய விஷயம். உங்கள் திட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்கிறேன். கூடாரத்தை உச்சியில் போடாதீர்கள். அடிவாரத்தில், ஒரு வீட்டுக்கோ தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கோ கூப்பிடு தூரத்தில், இடத்துக்குச் சொந்தக்காரரிடம் கேட்டுப் போடுங்கள். விடியற்காலையில் சின்னப் பையோடு ஏறி, முற்பகலுக்குள் இறங்கிவிடுங்கள்.

காரணத்தை முதுகில் வைத்துப் பாருங்கள். உச்சியில் தண்ணீர் இருக்காது என்று வைத்துக்கொண்டுதான் புறப்பட வேண்டும். பின்னேரம் ஏறி மறுநாள் காலை இறங்க ஆளுக்கு நாலு லீற்றராவது தேவை. அதுவே நாலு கிலோ. கூடாரம், படுக்கைப் பை, பாய், உடுப்பு, சாப்பாடு, அடுப்பு எல்லாம் சேர்த்தால் ஒருவருக்குப் பன்னிரண்டு கிலோவைத் தொடும். அந்தச் சுமையோடு மானாப் புல்லுக்கு நடுவே செங்குத்தாக ஏறும்போது கணுக்கால் பிசகினால், நாலு பேர் சேர்ந்து ஒருவரைத் தூக்கி இறக்க வேண்டும். காலையில் ஏறினால் ஒன்றரை லீற்றர் தண்ணீர், மழைச் சட்டை, பிஸ்கட், டோர்ச். மூன்று கிலோ. ஏறுகிற சந்தோஷமே வேறாகிவிடும்.

நாரங்கல ஏறக்குறைய 1500 மீற்றர் உயரம். உச்சியைச் சுற்றிப் புல்வெளிதான், ஒதுங்க மரம்கூடக் கிடையாது. படங்களில் அழகாகத் தெரிகிற அந்த வெறுமைதான் இரவில் சிக்கல். காற்றுக்கு மறைவில்லை, இடிக்கு மறைவில்லை, இரவு ஒரு மணிக்கு யாருக்காவது வயிற்றைப் பிடித்துக்கொண்டால் வழியும் தெரியாது.

சிவனொளிபாத மலை ஏறியிருக்கிறீர்கள் என்றால் கால்களுக்குத் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். 2243 மீற்றர் சின்ன விஷயமல்ல. ஆனால் அங்கே டிசம்பர் உந்துவப் போயாவில் இருந்து மே வெசாக் வரைக்கும் படியும் வெளிச்சமும் தேத்தண்ணிக் கடையும் முன்னும் பின்னும் ஆயிரம் பேரும் இருப்பார்கள். அங்கே வழி தவறுவது கஷ்டம். நாரங்கலவில் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் இருப்பவன் தெரியமாட்டான். அதனால் உள்ளூரில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். தோட்டங்கள் சூழ்ந்த இடங்களில் நமக்கு மொழி ஒரு பெரிய வசதி. லயத்து வாசலில் நின்று "அண்ணே, மேல ஏற எந்தப் பக்கம் நல்லம்?" என்று கேட்டால் வீடியோக்களில் இல்லாத தகவல் கிடைக்கும். "அந்தப் பக்கம் போகாதீங்க, குளவி கட்டியிருக்கு" என்று ஒருவர் சொன்னதால்தான் ஒருமுறை நாங்கள் வழியை மாற்றினோம். தோட்டத் தொழிலாளர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி ஆஸ்பத்திரிக்குப் போகும் செய்தியை நீங்களும் பத்திரிகையில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். சத்தம், புகை, சென்ட் வாசம் மூன்றும் குளவியைக் கிளப்பும். ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

இனி நாள். மலைநாடு முழுவதற்கும் ஒரே காலநிலை என்று நினைக்காதீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று இரத்தினபுரி, நுவரெலியா, கண்டி மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி பதுளைப் பக்கம் இறங்கும்போது ஈரம் தீர்ந்திருக்கும், வேகம் மட்டும் மிச்சமிருக்கும். கிழக்கில் கச்சான் என்று சொல்வார்களே, அந்தக் காற்றுதான். ஜூலையில் புல்வெளி உச்சிகளில் கூடாரத்தின் கம்பிகளையே வளைத்துவிடும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை நேர்மாறு, வடகீழ் மழை பதுளைப் பக்கத்தை நனைக்கும். சித்திரை இரண்டு பருவத்துக்கும் இடைப்பட்ட காலம். காலையில் வானம் கண்ணாடி போல இருக்கும், பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குக் கறுத்து இடி இடிக்கும். நாட்டில் மின்னல் கூடுதலாகத் தாக்கும் மாதங்களில் ஏப்ரலும் ஒன்று. பின்னேரம் ஏறி உச்சியில் கூடாரம் அடிப்பது அந்த நேரத்துக்குள் நேராக நடந்து போவதுதான். கூடாரம் மின்னலில் இருந்து காக்காது. இடிச் சத்தம் காதில் விழுந்தாலே மலைமுகட்டை விட்டு இறங்க வேண்டும், தனி மரத்தடியில் நிற்கக் கூடாது, கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். உலோகக் கூரையோடு முழுவதும் மூடிய வாகனம் பாதுகாப்பு, முச்சக்கர வண்டி அல்ல.

புத்தாண்டு நாளையும் விட்டுவிடுங்கள். 13, 14ஆம் திகதிகளிலும் அதையொட்டிய நாட்களிலும் ஊர்ப்புறக் கடைகள் பூட்டு, பஸ் அருமை, வழிகாட்ட வரக்கூடியவரும் குடும்பத்தோடு இருப்பார். அதற்கு முந்தின இரண்டு நாட்கள் புறக்கோட்டையில் 99ஆம் இலக்க பதுளை பஸ்ஸில் ஆறு பேருக்குச் சீற் கிடைப்பதும் சிரமம். ஒரு வாரம் தள்ளிப் போங்கள். இரவு பஸ்ஸில் தூங்காமல் போய் இறங்கின கையோடு மலையேற வேண்டாம். முதல் நாள் மதியத்துக்குள் அடிவாரம், மழைக்கு முன் கூடாரம், இரவு ஒழுங்கான தூக்கம், மறுநாள் வெளிச்சம் கசியும் நேரத்தில் ஏற்றம். சூரியன் ஆறு மணியளவில் வந்துவிடும். நீங்கள் பாதி வழியில் நின்று பார்ப்பீர்கள், அதில் குறையொன்றும் இல்லை. ஏழு மணிக்குப் பள்ளத்தாக்கில் இருந்து மூடுபனி ஆவி போல எழும்புவது உதயத்தைவிட எனக்குப் பிடிக்கும். பத்து மணிக்கு எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்தே திரும்ப வேண்டும் என்று கொழும்பிலேயே பேசி முடிவு செய்யுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டு அந்த முடிவை எடுக்க யாராலும் முடியாது.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலுக்குப் பிறகு மலைநாட்டில் பல பாதைகள் பழையபடி இல்லை. பதுளை மாவட்டம் அதில் கடுமையாக அடிபட்டது. அதற்கு முந்தைய வீடியோவை நம்பிக் கிளம்ப வேண்டாம். பாதை திறந்திருக்கிறதா, கூடாரத்துக்கு அனுமதி உண்டா என்று அந்த வாரமே உள்ளூரில் கேளுங்கள். காடு என்றால் வனத் திணைக்களத்திடமும், தேயிலைக் காணி என்றால் தோட்ட நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வெளியிடுகிறது. அந்தப் பிரதேசத்துக்கு மஞ்சள் வந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பஸ் காசு போனால் போகட்டும்.

குளிரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கொழும்பில் வளர்ந்த நமக்கு அது உடம்பில் பதிந்த அறிவு இல்லை. ஆயிரம் மீற்றர் ஏறினால் சுமார் ஆறரை பாகை வெப்பம் குறையும். வெள்ளவத்தையில் இரவு 26 பாகை என்றால் 1500 மீற்றரில் 16. எண்ணைக் கேட்டால் ஏசி அறைதானே என்று தோன்றும். நனைந்த உடுப்பும் காற்றும் சேரும்போதுதான் விளங்கும். என் முதல் பயணத்தில் எல்லோரும் ஜீன்ஸ் போட்டிருந்தோம். நாலு மணி மழையில் நனைந்தது ஒன்பது மணிக்கும் காயவில்லை. என் நண்பன் கூடாரத்தின் ஜிப்பைத் திறக்கப் போனான், விரல் மடங்கவில்லை. பிடிக்கிறான், நழுவுகிறது, மறுபடி பிடிக்கிறான். பேச்சும் குழறத் தொடங்கியது. நாங்கள் அவன் களைத்துவிட்டான் என்று நினைத்துச் சிரித்தோம். உண்மையில் உடம்புச் சூடு இறங்கிக்கொண்டிருந்தது. கூட வந்த வயதான ஒருவர்தான் ஈர உடுப்பு முழுவதையும் கழற்றவைத்து, சாரத்தைச் சுற்றி, இரண்டு பேருக்கு நடுவில் படுக்கவைத்து, சீனி அள்ளிப் போட்ட பிளேன்ரீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தார். விரல் தடுமாறுவதும் நாக்குத் தடுமாறுவதும் அதன் ஆரம்ப அறிகுறிகள். ஆறு பேருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

ஆகவே ஜீன்ஸ் வேண்டாம். விளையாட்டுக்குப் போடும் மெல்லிய நைலோன் களிசான், சீக்கிரம் காயும் ரீஷேர்ட். இரவுக்கென்று ஒரு சோடி உடுப்பு, கம்பளிச் சட்டை, காலுறை. அவற்றைப் பெரிய குப்பைப் பைக்குள் போட்டு முடிந்து வையுங்கள், என்ன நடந்தாலும் படுக்கும்வரை அவிழ்க்க வேண்டாம். வாடகைப் பையின் மேலுறையை நம்பாதீர்கள், மழை முதுகுப் பக்கத்தால் இறங்கும். நிலத்தின் குளிர் மேல் காற்றைவிட மோசம், அதனால் போர்வை குறைந்தாலும் அடியில் விரிக்கும் ஃபோம் பாய் ஆளுக்கொன்று இருக்க வேண்டும். சப்பாத்துக்குப் பெருஞ்செலவு வேண்டாம். அடிப்பாகம் நன்றாகப் பற்களோடு இருக்கிற, ஏற்கனவே கால் பழகிய ஒன்று போதும். புத்தம்புதுச் சப்பாத்து முதல் மணி நேரத்திலேயே குதியைக் கொப்பளமாக்கும்.

கூடாரம் வாடகைக்கே எடுங்கள். கொழும்பில் தாராளமாகக் கிடைக்கிறது, ஒரு பயணத்துக்காக வாங்குவது வீண். "நாலு பேர் கூடாரம்" என்றால் மூன்று பேர் பையோடு படுக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குத் தனியாக ஒன்று. ஒரு நாள் முன்னதாகவே எடுத்து, உங்கள் அடுக்குமாடியின் மொட்டைமாடியில் விரித்துக் கட்டிப் பாருங்கள். கம்பி, முளை எல்லாவற்றையும் எண்ணுங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றிவிட்டு உள்ளே போய்த் தையல் ஓரங்களை விரலால் தடவுங்கள். ஈரம் தட்டினால் திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள். அங்கே போனதும் முளையின் தலை கூடாரத்துக்கு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும்படி அடிக்க வேண்டும், கயிறு இழுக்கும்போது பிடுங்கிக்கொண்டு வராது. ஓடைக்கரையிலும் காய்ந்த நீரோட்டத் தடத்திலும் போடவே கூடாது. மேலே பெய்த மழை இரவில் கீழே உங்களைத் தேடி வரும்.

நெருப்பு மூட்டாதீர்கள். காய்ந்த மானாப் புல்லில் ஒரு பொறி விழுந்தால் மலைச்சரிவே எரியும். சின்ன காஸ் அடுப்பு போதும், அதையும் கூடாரத்துக்கு வெளியே வையுங்கள், உள்ளே எரித்தால் புகையே இல்லாமல் ஆளைக் கொல்லும் வாயு சேரும். முதல் இரவுக்குப் பாணும் சீனிச் சம்பலும், காலைக்கு நூடில்ஸ், வழிக்குப் பேரீச்சம்பழமும் கச்சான் கடலையும். உடம்பில் நீர் வற்றினால் தண்ணீரில் கரைத்துக் குடிக்க இரண்டு பக்கெற் ஜீவனி. காகிதம், பொலித்தீன், பெண்களின் நாப்கின் எல்லாம் திரும்பி வர வேண்டும், அதற்கென்று ஒரு பை. மலம் கழிக்க ஓடையில் இருந்து எழுபது எண்பது தப்படி தள்ளி ஒரு சாண் ஆழம் தோண்டி மூடுங்கள். அந்த ஓடையில்தான் கீழே லயத்துக் குடும்பங்கள் குடிநீர் அள்ளுகின்றன.

அட்டைக்குப் பயப்படாதீர்கள். சவர்க்காரமோ சித்தாலேப தைலமோ காலில் பூசி, காலுறைக்குள் களிசானைச் செருகிவிடுங்கள். கடித்தால் நகத்தால் மெல்லத் தள்ளி எடுங்கள். கொஞ்ச நேரம் இரத்தம் கசியும், அவ்வளவுதான்.

வீசிங் இருக்கும் நண்பர் வரலாம், ஆனால் முதலில் அவருடைய டொக்டரிடம் பயணத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். குளிர்காற்றும் மூச்சிரைக்க ஏறுவதும் வீசிங்கைத் தூண்டும். உடனடி நிவாரண இன்ஹேலர் பையின் அடியில் அல்ல, சட்டைப் பையில், உடம்புச் சூடு படும்படி இருக்கட்டும். இன்னொன்றை வேறொருவர் வைத்திருங்கள், எப்படிக் கொடுப்பது என்று இருவராவது பழகிக்கொள்ளுங்கள். நடையின் வேகத்தை அவரே தீர்மானிக்கட்டும், அவரை முன்னால் விடுங்கள்.

இன்றிலிருந்து வாரத்தில் நாலு நாள் லிஃப்டை மறந்துவிடுங்கள். எட்டு மாடிப் படியை முதுகில் ஐந்து கிலோவோடு ஐந்து முறை ஏறி இறங்குங்கள். இறங்குவதுதான் முழங்காலைப் பழக்கும். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு, மாவனெல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்தலேகலவுக்கு ஒரு நாள் பயணம் போய் வாருங்கள். பைபிள் ரொக் என்றால் தெரியும். 798 மீற்றர், காலையில் ஏறி மதியத்துக்குள் இறங்கலாம். ஆறு பேரில் யார் தண்ணீரை அடக்கமாகக் குடிப்பவர், யார் சொல்லாமல் முன்னால் ஓடுபவர் என்று அன்றைக்கே தெரிந்துவிடும். பத்தலேகல இருக்கும் அரநாயக்கவில்தான் 2016 மே மாதம் மண்சரிவு கிராமங்களையே மூடியது. மழைக்கால எச்சரிக்கையை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

அம்மாவிடம் "பயப்படாதீங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், ஒரு தாளைக் கொடுங்கள். அதில் ஆறு பேரின் பெயரும் வீட்டு நம்பர்களும், கூடாரம் போடும் இடம், அந்த வீட்டுக்காரரின் நம்பர், வழிகாட்டியின் நம்பர், வாகன இலக்கம், எந்த நேரம் ஏறி எந்த நேரம் இறங்குவீர்கள் என்பது. கீழே பொலிஸ் 119, சுவசெரிய அம்புலன்ஸ் 1990, இடர் முகாமைத்துவ நிலையம் 117. இறங்கியதும் பதினொரு மணிக்குள் அழைப்பீர்கள் என்று எழுதுங்கள். ஒரு மணி வரை அழைப்பு வராவிட்டால் வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும், அவரும் கிடைக்காவிட்டால் 119. ஃபோனை மலையில் ஃபிளைட் மோடில் போட்டு, இரவில் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் சார்ஜ் இறங்கும். உச்சியில் சிக்னல் கிடைத்தால் முதல் அழைப்பு வீட்டுக்கு, ஃபோட்டோ அதற்குப் பிறகு.