ஈயின் காலண்டர் – கடிதமும் பதிலும்

வணக்கம் மேடம்,

நான் எம்.எஸ்ஸி. விலங்கியல், கடைசி செமஸ்டர். ஜனவரியில் ஆரம்பித்து ஏப்ரலில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் வைக்க வேண்டும். மரபியலில் செய்ய ஆசை. மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறையை வைத்து, சர்க்கரை நோய் தொடர்பான ஒரு மரபணுவில் ஏதாவது செய்யலாமா என்று கைடிடம் கேட்டேன். “போய் ஈயை எண்ணு” என்று சொல்லிவிட்டார். துறையில் டிரோசோஃபிலா (பழ ஈ) ஸ்டாக்கும் ஒரு இன்குபேட்டரும் இருக்கின்றன. தோழிகள் இருவர் ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டிவிட்டார்கள். ரிப்போர்ட்டும் அங்கேயே தருவார்களாம். ஈயை எண்ணி என்ன எதிர்காலம்? வெளிநாட்டு பிஎச்டிக்கு இது எடுபடுமா? இந்தக் குறைந்த நேரத்தை எப்படித் திட்டமிடுவது?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

கொஞ்ச நாளாகவே மரபியலாளர் ஸ்டர்டவன்ட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். “ஈயை எண்ணி என்ன எதிர்காலம்” என்று கேட்டு நீங்களே ஆரம்பித்து வைத்துவிட்டீர்கள்.

1911. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மரபியல் ஆய்வாளர் மார்கனின் ஈ அறை. ஆல்ஃபிரட் ஸ்டர்டவன்ட் அப்போது இளங்கலை மாணவர், உங்களைவிடச் சின்னவர். ஒரே குரோமோசோமில் உள்ள இரண்டு மரபணுக்கள் பிள்ளைகளுக்குப் போகும்போது எத்தனை தடவை பிரிகின்றன என்பதை வைத்து அவற்றுக்கு நடுவிலுள்ள தூரத்தைச் சொல்லிவிடலாமே என்று மார்கனோடு பேசும்போது அவருக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போனார், வீட்டுப் பாடத்தை ஓரம் கட்டினார், ராத்திரியோடு ராத்திரியாக உலகின் முதல் மரபணு வரைபடத்தைப் போட்டுவிட்டார். 1913ல் அச்சில் வந்தது.

மேடையில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் அந்த ‘ஒரே ராத்திரி’யில் மயங்கிப் போகிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அன்றைக்கு அவர் கையில் இருந்தவை எண்கள். பால் புட்டியில் வாழைப்பழத்தைப் போட்டு வளர்த்த ஈக்களை அந்த அறையில் இருந்தவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்த எண்கள். அவை இல்லையென்றால் ஸ்டர்டவன்ட் அன்று ராத்திரி வீட்டுப் பாடம்தான் எழுதியிருப்பார்.

கிரிஸ்பரை விடுங்கள். நீங்கள் கேட்ட பொருள் ஆர்டர் போட்டு வந்து சேர்வதற்குள் வைவா (வாய்மொழித் தேர்வு) வந்துவிடும். பிஎச்டிக்கு எடுபடுமா என்பதை பிஎச்டிக்கு விண்ணப்பிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ப்ராஜெக்ட் சென்டர் விஷயத்துக்கு மட்டும் திட்டத்தான் போகிறேன். டிஎன்ஏ துண்டுகளைப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல், அதை ஆளே பார்த்திருக்க மாட்டார்கள், அதன் படத்தை ஒட்டி, பைண்டிங் போட்டு, அட்டையில் தங்க எழுத்தில் பெயரும் அச்சடித்துத் தருவார்கள். வைவாவில் “இந்தப் பட்டை ஏன் இங்கே மங்கலாக இருக்கிறது?” என்று ஒரே ஒரு கேள்வி வந்தால் தோழிகள் என்ன சொல்வார்கள்? அப்பா அம்மா கஷ்டப்பட்டுச் சேர்த்த பணத்தைக் கொடுத்து, வேலை கற்றுக்கொள்ளக் கிடைக்கும் ஒரே வாய்ப்பை விற்றுவிட்டு வருகிறார்கள். நீங்கள் அந்தப் பக்கம் போனால் எனக்கு இனிமேல் எழுத வேண்டாம்.

சரி, திட்டத்துக்கு வருவோம். காலண்டரை எடுத்தால் முதலில் ஈயின் நாட்களைக் குறியுங்கள். 25 டிகிரியில் முட்டை ஈயாக சுமார் 10 நாள். 18 டிகிரியில் கிட்டத்தட்ட அதைப் போல இரண்டு மடங்கு. இரண்டு தலைமுறைக்கான கலப்பு (ஆணையும் பெண்ணையும் ஜோடி சேர்த்து வாரிசு எடுப்பது) என்றால், எண்ணி முடிப்பதையும் சேர்த்து ஐந்து வாரம் போய்விடும். கடைசி மூன்று வாரம் எழுதுவதற்கு. முதல் இரண்டு வாரம் ஸ்டாக்கைப் பெருக்க. மிச்சத்தில் ஒரே கலப்பை இரண்டு தடவை செய்யலாம், அவ்வளவுதான்.

அதனால் எந்தப் பக்கமிருந்து கலக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெள்ளைக் கண், குட்டை றெக்கை, இரண்டும் எக்ஸ் குரோமோசோமில் உள்ளவை. ஒன்று கண்ணில் தெரியும், மற்றது றெக்கையில், ஒன்றை ஒன்று மறைக்காது. இரண்டு குறையும் உள்ள பெண் ஈயை எடுத்து, சாதாரண ஆணோடு விடுங்கள். பிறக்கும் மகன்கள் எல்லாம் வெள்ளைக் கண், குட்டை றெக்கை. மகள்கள் பார்க்கச் சாதாரணம், உள்ளே இரண்டையும் சுமப்பார்கள். இந்த அண்ணன் தங்கைகளை அப்படியே புதுக் குப்பிக்கு மாற்றினால் போதும். அடுத்த தலைமுறையில் ஆண், பெண் எல்லா ஈயையும் எண்ணலாம். மாற்றிக் கலந்தீர்களோ, ஆண்களை மட்டும்தான் எண்ண முடியும், பாதி ஈ வீண். இதை எந்தக் கைடும் சொல்லித் தருவதில்லை. கேட்டால் “கலப்பு போடு” என்பார்கள், எந்தக் கலப்பு என்று சொல்ல மாட்டார்கள். உங்கள் கைடிடம் கேட்டுப் பாருங்கள், முகத்தைக் கவனியுங்கள்.

கன்னி ஈ, அதாவது எந்த ஆணோடும் இன்னும் சேராத பெண் ஈ பிடிக்கும் தொல்லையும் முதல் கலப்போடு முடிந்துவிடும். 25 டிகிரியில் வெளிவந்த பெண், சுமார் எட்டு மணி நேரம் கன்னியாக இருக்கும். அதற்குள் பிரித்துவிட வேண்டும். நான் படித்த துறையில் ஒரு அட்டெண்டர் அண்ணன் இருந்தார். மக்காச்சோள மாவும் வெல்லமும் அகரும் போட்டு ஈக்குச் சாப்பாடு காய்ச்சுகிறவர். குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். “கூட்டுக்குள்ள றெக்கை கறுத்துடுச்சு பாரு, நாளைக்குக் காலையில வந்துரும். விடிஞ்சதும் பழசையெல்லாம் தட்டிவிட்டுட்டு மத்தியானம் வா” என்பார். வயிற்றில் கரும்பச்சைப் புள்ளி தெரிகிற வெளிறிய பெண் ஈதான் அப்போது பிறந்தது என்று எனக்குக் காட்டியதும் அவர்தான், பேராசிரியர் இல்லை. எங்கள் ரிப்போர்ட்டுகளில் நன்றி சொல்லும் பக்கத்தில் அவர் பெயர் கடைசியில் வரும். பல ரிப்போர்ட்டுகளில் அதுவும் கிடையாது.

கேள்வியாக இதை எடுங்கள்: தாய் ஈ இருந்த வெப்பநிலை மாறினால் மரபணுக்கள் பிரியும் விகிதம் மாறுமா? ஹெரால்டு பிளவ் 1917லேயே இரண்டாம் குரோமோசோமில் மாறுகிறது என்று காட்டியிருக்கிறார். நீங்கள் எக்ஸில் பாருங்கள். ஆனால் 500 ஈ மட்டும் எண்ணினால் உங்கள் சதவீதம் (இரண்டு குறையில் ஒன்று மட்டும் உள்ள ஈக்களின் பங்கு, அவற்றில்தான் மரபணுக்கள் பிரிந்திருக்கின்றன) நாலு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஆடும். ஆட்டத்தைப் பாதியாகக் குறைக்க 2000 எண்ண வேண்டும். கைடு “எண்ணு” என்றது சும்மா இல்லை. கலப்பு போட்ட ஒரு வாரத்தில் பெற்றோரை வெளியேற்றிவிடுங்கள். பதினெட்டாம் நாளோடு எண்ணுவதை நிறுத்துங்கள், அப்புறம் பேரப்பிள்ளைகள் கலந்துவிடும்.

மார்ச் கடைசியில் வெயில் ஏறும். 30 டிகிரி தாண்டினால் ஆண் ஈக்கள் மலடாகிவிடும். கரண்ட் போனால் உங்கள் இன்குபேட்டர் வெறும் இரும்புப் பெட்டி. இரண்டாவது கலப்பின் அண்ணன் தங்கைகளை மார்ச் முதல் வாரத்துக்குள் புதுக் குப்பிக்கு மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு ஸ்டாக்கிலும் ஒரு குப்பியை வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். பூஞ்சையோ செள்ளோ வந்தால் எல்லாக் குப்பியும் சேர்ந்தேதான் போகும். ஸ்டாக்கில் குட்டை றெக்கை இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிட்டு எழுதுங்கள். இல்லையென்றால் வேறு ஜோடி தேட வேண்டும்.