கட்டம் 24: அமெரிக்க ராணுவ டிஸ்சார்ஜ் தகுதியை உயர்த்தக் கேட்பது எப்படி?

கேள்வி: மாணவர் விசாவில் அமெரிக்கா வந்தவன் நான். தமிழ் தெரியும் என்பதால் 2013இல், தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டத்தின் வழியாக ராணுவத்தில் சேர்ந்தேன். அடிப்படைப் பயிற்சி முடியும்போதே குடியுரிமை கிடைத்தது. 2014இல் ஒன்பது மாதம் ஆப்கானிஸ்தானில் இருந்தேன். திரும்பிய பிறகு தூக்கம் போய்விட்டது. 2017இல் கொலராடோவில் இருந்தபோது சிறுநீர்ப் பரிசோதனையில் கஞ்சா தெரிந்தது. முழு மதிப்புள்ள 'ஹானரபிள்' விடுவிப்புக்கு ஒரு படி கீழான 'ஜெனரல்' டிஸ்சார்ஜ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 2021இல்தான் படைவீரர் மருத்துவமனையில் எனக்கு பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலப் பாதிப்பு) இருப்பதைக் கண்டறிந்தார்கள். இப்போது நர்சிங் படிக்க ஆசை. ஆனால் முன்னாள் வீரர்களின் படிப்புச் செலவுக்கான ஜிஐ பில் உதவி எனக்குக் கிடையாதாம். ஆறு மாதத்தில் தானாகவே 'ஹானரபிள்' ஆகிவிடும் என்று அன்று சொன்னார்கள், ஆகவில்லை. விண்ணப்பித்தால் குடியுரிமைக்கு ஆபத்து வருமா? வழக்கறிஞர் தேவையா? அந்த நாள்களில் அக்காவுக்குத் தமிழில் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் பயன்படுமா?

பதில்:

முதலில் அந்த ஆறு மாதக் கதையை முடித்துவிடுவோம். அமெரிக்கப் படைகளில் எந்த டிஸ்சார்ஜும் தானாக உயர்வதில்லை. ஆறு மாதத்திலும் இல்லை, அறுபது ஆண்டிலும் இல்லை. கையெழுத்துப் போடத் தயங்கும் இளைஞரைச் சமாதானப்படுத்த முகாம்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் பொய் அது. இதை நம்பி ஆண்டுகளைத் தொலைத்தவர்கள் ஏராளம். உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. டிஸ்சார்ஜ் மறுஆய்வு வாரியத்திடம் விண்ணப்பிக்க, வெளியேறிய நாளிலிருந்து 15 ஆண்டுகள் அவகாசம் உண்டு. உங்கள் கணக்கில் அது 2032 வரை.

குடியுரிமை பற்றிய அச்சத்தையும் விட்டுவிடுங்கள். ராணுவப் பணியின் பேரில் குடியுரிமை பெற்றவர், ஐந்தாண்டு நற்பணியை நிறைவு செய்வதற்கு முன் 'கண்ணியமற்ற நிபந்தனைகளின்கீழ்' வெளியேற்றப்பட்டால் அந்தக் குடியுரிமையை ரத்துசெய்யச் சட்டத்தில் இடமிருப்பது உண்மை. ஆனால் உங்கள் 'ஜெனரல்' டிஸ்சார்ஜின் முழுப்பெயரைப் பாருங்கள்: 'ஜெனரல், கண்ணியமான நிபந்தனைகளின்கீழ்'. அந்த விதி உங்களைத் தொடாது. மறுஆய்வு வாரியம் இருக்கும் தகுதியைக் குறைக்கவும் முடியாது. உயர்த்தும், அல்லது அப்படியே விட்டுவிடும். கேட்பதால் நீங்கள் இழப்பது எதுவுமில்லை.

பெறுவது என்ன என்பதையும் பார்த்துவிடலாம். 'ஜெனரல்' டிஸ்சார்ஜோடு மருத்துவ உதவி, ஊனத்துக்கான இழப்பீடு, வீட்டுக்கடன் உத்தரவாதம் போன்றவை பெரும்பாலும் கிடைத்துவிடும். கல்விக்கான ஜிஐ பில் மட்டும் 'ஹானரபிள்' என்ற சொல்லைத்தான் கேட்கும். நீங்கள் மூன்றாண்டுக்கு மேல் முழுநேரப் பணி செய்திருப்பதால், தகுதி உயர்ந்தால் முழு விகிதத்தில் உதவி பெறலாம். 2013 ஜனவரிக்குப் பிறகு வெளியேறியவர்களுக்கு அதைப் பயன்படுத்தக் காலக்கெடுவும் இல்லை. ஒரு நர்சிங் பட்டப்படிப்பின் முழுச் செலவும் உங்கள் பணி விடுவிப்புச் சான்றான டிடி 214 படிவத்தின் 24ஆம் கட்டத்தில் உள்ள ஒரே சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இனி வாரியம் எப்படிப் பார்க்கும் என்பதற்கு வருவோம். இரண்டு கேள்விகளை வைத்துத்தான் அது ஒரு டிஸ்சார்ஜை எடைபோடுகிறது. விதிப்படி நடந்ததா என்பது ஒன்று. நியாயமாக நடந்ததா என்பது மற்றொன்று. ராணுவம் எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்திருக்கும் என்ற அனுமானத்திலிருந்தே வாரியம் தொடங்கும். அதைத் தகர்க்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

இங்கே பலர் கவனிக்காமல் விடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2017இல் உங்கள் பக்கக் கதையை நேரில் உட்கார்ந்து யாராவது கேட்டார்களா? பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டார்கள். பணிக்காலம் ஆறு ஆண்டுக்குக் குறைவாக இருந்து, 'ஜெனரல்' வரைதான் போகப்போகிறோம் என்று அதிகாரி அறிவித்துவிட்டால், விசாரணைக் குழு கேட்கும் உரிமை வீரருக்குக் கிடையாது. நோட்டீஸ் வரும், ராணுவ வழக்கறிஞரிடம் சிறிது நேரம் பேசலாம், எழுத்தில் பதில் தரலாம். சில வாரங்களில் வீடு. ஆகவே, உங்கள் வாழ்க்கையை முதன்முறையாக முழுமையாகப் படிக்கப்போவது இந்த வாரியம்தான். அதற்கேற்ற முழுமையோடு எழுதுங்கள்.

ஆனால் எழுதுவதற்கு முன் கோப்பு கையில் இருக்க வேண்டும். வாரியத்துக்கான விண்ணப்பமான டிடி 293 படிவத்தை இணையத்தில் இறக்கி அன்று இரவே நிரப்பிவிடத் துடிக்கும் கையைக் கொஞ்சம் கட்டிப்போடுங்கள். பணி ஆவணங்கள், மருத்துவப் பதிவுகள், முக்கியமாக 2017இல் உங்களை வெளியேற்றத் தயாரித்த கோப்பு முழுவதும் வேண்டும். செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்எஃப் 180 படிவத்தில் கேட்கலாம். ஏன் இத்தனை அழுத்தம் என்றால், அந்தக் கோப்பில் உங்கள் கையெழுத்திட்ட அறிக்கை ஒன்று இருக்கக்கூடும். "யாரோ கொடுத்த கேக்கில் கஞ்சா இருந்தது, எனக்குத் தெரியாது" என்று அன்று எழுதிவிட்டு, "மன உளைச்சலைத் தாங்க முடியாமல் புகைத்தேன்" என்று இன்று எழுதினால் வாரியம் இரண்டையும் அருகருகே வைத்துத்தான் படிக்கும். அன்று பயத்தில் பொய் சொல்லியிருந்தால், அதையே இன்று விளக்குங்கள். முரண்பாட்டை அவர்கள் கண்டுபிடிக்கும்படி விடாதீர்கள்.

கோப்பில் தேட வேண்டிய இன்னொன்று உண்டு, சில வழக்குகளை ஒரே அடியில் வெல்ல வைத்தது. தரைப்படையில், போதைப்பழக்கத்துக்கு உதவி கேட்டுத் தானாக முன்வந்த வீரர் அங்கே சொன்னவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு. வெளியேற்றும் நடவடிக்கையில் அதிகாரிகள் அந்தத் தகவலை ஆதாரமாகச் சேர்த்துவிட்டால், அந்த வீரருக்கு 'ஹானரபிள்' தவிர வேறு தகுதி தரக்கூடாது என்பது தரைப்படையின் சொந்த விதி. பரிசோதனைக்கு முன் நீங்கள் ஆலோசகர் யாரையாவது பார்த்திருந்தால், அந்தக் குறிப்பு கோப்பில் நுழைந்திருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பாருங்கள். இருந்தால், அது மன்னிப்புக் கோரும் விஷயமே அல்ல, விதிமீறல்.

அப்படி எதுவும் இல்லையென்றால், நியாயம் என்ற வாசலே உங்களுடையது. அது இப்போது முன்பைவிட அகலம். 2014இல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த சக் ஹேகல், பிடிஎஸ்டி உள்ளவர்களின் மனுக்களைத் தாராள மனத்தோடு பார்க்க வேண்டும் என்று குறிப்பாணை அனுப்பினார். 2017 ஆகஸ்டில் அதே அமைச்சகத்தின் உயரதிகாரி கர்ட்டா அனுப்பிய குறிப்பாணை அதை விரித்தது; மூளைக் காயம், பாலியல் தாக்குதல் ஆகியவற்றையும் சேர்த்து, வாரியங்கள் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளை வரையறுத்தது. தவறை விளக்கவோ தணிக்கவோ கூடிய பாதிப்போ அனுபவமோ இவருக்கு இருந்ததா? அது பணிக்காலத்தில் இருந்ததா? இந்தத் தவறை அது உண்மையிலேயே தணிக்கிறதா? டிஸ்சார்ஜ் தகுதியைவிட அதன் எடை அதிகமா?

உங்கள் அறிக்கையை இந்த நான்கு கேள்விகளின் வரிசையிலேயே எழுதுங்கள். முதலிரண்டு உங்களுக்கு எளிது. பாதிப்பு இருந்ததற்கு வீரரின் சொந்த வாக்குமூலமே போதுமான சான்றாகலாம் என்கிறது அந்தக் குறிப்பாணை. நோய் தாமதமாகக் கண்டறியப்பட்டதும் தடையல்ல. பிடிஎஸ்டி பணியால் வந்தது என்று படைவீரர் நலத்துறை ஏற்று இழப்பீடு தந்திருந்தால் அந்த முடிவுக்கடிதத்தை இணையுங்கள். வாரியத்தின் கண்ணில் அது வலுவான சான்று. இன்னும் கோரிக்கை போடவில்லை என்றால் அதை முதலில் செய்யுங்கள். நீங்கள் போர்ப்பகுதியில் பணியாற்றி பிடிஎஸ்டி கண்டறியப்பட்டவர் என்பதால், உங்கள் மனுவைப் பார்க்கும் வாரியத்தில் மனநலப் பயிற்சி பெற்ற மருத்துவரோ உளவியலாளரோ இருக்க வேண்டும் என்பது சட்டம்.

வழக்கு வெல்வதும் தோற்பதும் மூன்றாவது கேள்வியில்தான். பிடிஎஸ்டி இருந்தது, கஞ்சா புகைத்தீர்கள்: இரண்டும் உண்மை. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பதை யார் காட்டுவது? நான் படித்த மனுக்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. இரண்டு பக்கம் வருத்தம், ஒரு பக்கம் நாட்டுப்பற்று, கோயில் தொண்டுக்கான சான்றிதழ். இணைப்பு மட்டும் ஒரு வரியில், "போரின் பாதிப்பால் அப்படிச் செய்துவிட்டேன்". அந்த வரியைத்தான் மூன்று பக்கமாக எழுத வேண்டும். எந்த இரவு முதல் தூங்கவில்லை, எந்தச் சத்தம் எழுப்பியது, மருத்துவரிடம் போனீர்களா, போகவில்லையென்றால் ஏன், குடித்துப் பார்த்தீர்களா, கஞ்சாவை யார் முதலில் சொன்னார்கள், புகைத்த இரவில் தூங்கினீர்களா?

உங்கள் வழக்கில் வாரியம் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 2014இல் போர், 2017இல் கஞ்சா. நடுவில் இரண்டு ஆண்டுக்கு மேல் என்ன நடந்தது? அந்த இடைவெளியை வெறுமையாக விட்டால் இணைப்பு அறுந்துவிடும். உடல்தகுதித் தேர்வு மதிப்பெண் சரிந்ததா, தாமதமாக வந்ததற்கு எச்சரிக்கை வாங்கினீர்களா, திருமண உறவு உடைந்ததா? வெளியேற்றக் கோப்பில் உங்களுக்கு எதிராக இருக்கும் சின்னச் சின்னக் கண்டிப்புகள்கூட இங்கே உங்கள் சாட்சியாகிவிடும். நல்ல வீரர் ஒருவர் மெல்ல மெல்லச் சரிந்ததைத் தேதி போட்டுக் காட்டுகின்றன அவை.

கொலராடோவில் 2014 முதலே கஞ்சா கடையில் விற்கிறது என்ற வாதத்தை மட்டும் முன்வைக்காதீர்கள். மாநிலச் சட்டம் எதுவானாலும் ராணுவச் சட்டத்தில் அது குற்றம், குற்றமாகவே இருக்கிறது. ஆனால் சுவையான ஒரு விஷயம்: காலப்போக்கில் சில தவறுகளின் கடுமை மாறலாம் என்று சொல்ல கர்ட்டா குறிப்பாணை எடுத்துக்கொண்ட உதாரணமே கஞ்சாதான். தணிக்கும் சான்றுகளோடு சேர்த்துப் பார்க்கும்போது முன்பிருந்த அளவு கடுமையாகக் கருத வேண்டியதில்லை என்கிறது அது. 'ஹானரபிள்' என்பதற்கு மாசற்ற பணி தேவையில்லை என்றும் அதே ஆவணம் சொல்கிறது. ஆகவே கொலராடோவைத் தலைப்பாக வைக்காமல், பிடிஎஸ்டி வாதத்துக்குப் பின்னால் ஒரு பத்தியாக வையுங்கள். திட்டமிட்டுச் செய்த தவறுகளை வாரியங்கள் எச்சரிக்கையோடு பார்க்கும். நீங்கள் விற்றவரல்ல, தனியாகப் புகைத்தவர் என்பது இங்கே உதவும்.

நான்காவது கேள்விக்குத்தான் பதக்கங்கள், மேலதிகாரிகளின் மதிப்பீடுகள், உடன் பணியாற்றியவர்களின் கடிதங்கள், அதன்பின் நீங்கள் வாழ்ந்த வாழ்க்கை எல்லாம். உங்கள் சார்ஜென்ட் எழுதும் அரைப்பக்கம், ஊர்ப் பெரியவர் பத்துப் பேர் எழுதுவதைவிடக் கனமானது.

படிவத்தில் கேட்கும்போது 24ஆம் கட்டத்தோடு நிற்காதீர்கள். 28ஆம் கட்டத்தில் காரணம் எழுதியிருக்கும். 'ஹானரபிள்' ஆன பிறகும் அங்கே 'ஒழுங்கீனம், போதைப்பொருள்' என்றே இருந்தால், மருத்துவமனை வேலைக்குப் போகும்போது அந்த வரி உங்கள் முன்னால் போய் நிற்கும். அதை, எந்தத் தவறையும் சொல்லாத 'செயலரின் அதிகாரப்படி' என்று மாற்றவும், 26ஆம் கட்டத்தில் உள்ள வெளியேற்றக் குறியீட்டையும், 27இல் உள்ள மறுசேர்ப்புக் குறியீட்டையும் திருத்தவும் சேர்த்தே கேளுங்கள்.

ஒரு உத்தி: முதலில் ஆவணங்களை மட்டும் வைத்துப் பரிசீலிக்கக் கேளுங்கள். மறுத்துவிட்டால், 15 ஆண்டுக்குள் நேர்முக விசாரணை கேட்கலாம். முதலிலேயே விசாரணையைக் கேட்டுத் தோற்றால், ஆவணப் பரிசீலனைக்குத் திரும்ப முடியாது. மறுப்பு ஆணையை நன்றாகப் படியுங்கள். எந்த இடத்தில் இணைப்பு அறுந்தது என்று அதிலேயே எழுதியிருப்பார்கள். விசாரணையிலும் தோற்றால், டிடி 149 படிவத்தோடு தரைப்படை ஆவணத் திருத்த வாரியம் இருக்கிறது. அங்கே காலக்கெடு மூன்றாண்டு. நீதியின் பொருட்டு அதைத் தளர்த்த வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. பெருநிலை ராணுவ நீதிமன்றம் தண்டனையாகத் தந்த டிஸ்சார்ஜ் உள்ளவர்கள் நேராக இந்த இரண்டாம் வாரியத்துக்குத்தான் போக வேண்டும்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. ஆனாலும் தனியாகச் செய்யாதீர்கள். அமெரிக்கன் லீஜியன், டிஏவி போன்ற படைவீரர் அமைப்புகளும் சட்டக் கல்லூரிகளின் படைவீரர் உதவி மையங்களும் பணம் வாங்காமல் உதவுகின்றன. வெற்றிக்கு உறுதி கொடுத்து முன்பணம் கேட்பவரிடமிருந்து விலகி நடங்கள். ஓராண்டுக்கு மேலும் காத்திருக்க நேரலாம்.

கடைசியாக, அக்காவுக்கு அனுப்பிய செய்திகள். உங்கள் கையில் இருப்பவற்றில் மிகச் சிறந்தது அதுவாக இருக்கலாம். 2021இல் மருத்துவர் எழுதியது பின்னோக்கிச் சொல்வது. "இரண்டு நாளாகத் தூங்கவில்லை அக்கா, கண்ணை மூடினால் அந்தச் சாலைதான் வருகிறது" என்பது போன்ற ஒரு வரி 2015, 2016 தேதியோடு இருந்தால், டிஸ்சார்ஜை மாற்றும் எண்ணமே இல்லாத காலத்தில் எழுதப்பட்டது அது. வாரியம் கேட்கும் இடைவெளியை நிரப்புவதும் அதுதான். தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தமிழ் மூலத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பை இணையுங்கள். இரண்டு மொழியும் அறிந்த, குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவர் மொழிபெயர்த்து, "சரியாக மொழிபெயர்த்தேன்" என்று கையெழுத்திட்டுத் தரட்டும். குரல் செய்திகள் இருந்தால் அவற்றையும் எழுத்தாக்குங்கள். அக்கா பழைய போனை மாற்றப்போவதாக இருந்தால், இன்றிரவே அவரை அழைத்து, அதற்கு முன் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.