கொடை வரிப் பட்டியலில் சுடலையும் சொடலையும்

கோயில் கொடை விழா வரிக்கான இரண்டு பட்டியல்களைக் கணினியில் சேர்க்கையில் 'சுடலைமுத்து', 'சொடலமுத்து' இரு ஆட்களாக நிற்கிறார்கள், லெவன்ஸ்டைன் தூரத்தின் (ஒரு பெயரை இன்னொன்றாக்க மாற்ற, சேர்க்க, நீக்க வேண்டிய குறிகளின் எண்ணிக்கை) எல்லையை 2 ஆக்கினால் 'செல்வன்', 'செல்வி' ஒன்றாகிவிடுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். எல்லையைக் கூட்டிக் குறைத்து இதைத் தீர்க்க முடியாது. இரண்டு சோடிக்கும் தூரம் 2தான்.

முதலில் எல்லாப் பெயரையும் யூனிகோட் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்து பதிவான குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவம்) மாற்றுங்கள். 'சொ'வின் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாகப் பதிவாகியிருந்தால் அதே சோடிக்குத் தூரம் 3 ஆகிவிடும். திரையில் வித்தியாசம் தெரியாது.

அடுத்து ஒவ்வொரு பெயருக்கும் ஒலிச்சாவி, அதாவது ஒலிப்பில் குழம்பும் எழுத்துகளை ஒன்றாக்கி எழுதிய வடிவம். முதலெழுத்தில் மட்டும் இகரத்தை எகரமாகவும் உகரத்தை ஒகரமாகவும் மாற்றுங்கள். இசக்கி, எசக்கி சேர்ந்துவிடும். ஐகாரம் எங்கே வந்தாலும் அகரம். ழ, ள இரண்டும் ல. ற என்பது ர. ண, ந இரண்டும் ன. இந்தச் சாவிகளுக்கிடையே தூரம் 1 வரை அனுமதியுங்கள், தட்டச்சுப் பிழைக்கு அது போதும். சுடலை சோடிக்கு 0 வரும், செல்வன் சோடி 2லேயே நிற்கும்.

ஜாரோ-விங்க்ளர் என்ற ஒப்புமை அளவை இங்கே வேண்டாம். தொடக்கத்தில் 4 குறி வரை ஒத்திருந்தால் கூடுதல் மதிப்பெண் தருவதால் செல்வன், செல்வியைத்தான் நெருக்கும். சவுண்டெக்ஸ் என்ற ஒலிச்சாவி முறை ஆங்கில எழுத்துக்கானது, அதிலும் முதலெழுத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை: வள்ளியும் வல்லியும் ஒரே சாவிக்குள் விழும். தகப்பனார் பெயரையும் தெருவையும் பார்க்காமல் பதிவுகளை ஒன்றாக்காதீர்கள். அம்பாசமுத்திரத்தை அம்பை என்பது போன்ற ஊர்ச் சுருக்கங்களுக்குத் தனி அட்டவணைதான் வழி.