அரைநாள் பயிற்சி – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். வார்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. கேஸ் ஷீட்டில் எழுதியதையே அதிலும் ஏற்ற வேண்டும். பயிற்சி அரைநாள். ஏதாவது கேட்டால், ‘சீனியர்களுக்கு எதுவும் புதிதாக வந்தால் பிடிக்காது’ என்கிறார்கள். எங்கள் மனப்பான்மைதான் கோளாறா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில், 2002 அக்டோபரில், எந்தக் குழந்தைக்கு என்ன மருந்து என்று டாக்டர்கள் எழுதும் ஆர்டர்களை எல்லாம் கம்ப்யூட்டர் வழியாக மாற்றினார்கள். ஆறே நாளில் மருத்துவமனை முழுக்க. வேறு மருத்துவமனைகளிலிருந்து அங்கே கொண்டுவரப்பட்ட குழந்தைகளின் இறப்பு 2.8 சதவீதத்திலிருந்து 6.57 சதவீதமாக உயர்ந்தது என்று 2005இல் அங்கிருந்த டாக்டர்களே எழுதினார்கள்.

முன்பெல்லாம் குழந்தை வழியில் வந்துகொண்டிருக்கும்போதே மருந்துக்குச் சொல்லிவிடுவார்கள். புதிய முறையில், வந்து சேர்ந்து பதிவு போட்ட பிறகுதான் ஆர்டர். கைக்கெட்டும் இடத்தில் இருந்த அவசர மருந்துகளும் மத்திய மருந்தகத்துக்குப் போய்விட்டன. உயிருக்குப் போராடும் குழந்தை பக்கத்தில் கிடக்க, ஒரு டாக்டர் திரையைப் பார்த்து உட்கார வேண்டியிருந்தது. பல மாற்றங்கள் ஒரே சமயத்தில் நடந்ததால், கம்ப்யூட்டர்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, அது வேறு விஷயம்.

அதே மென்பொருள் சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனைக்கும் போனது. அங்கே இறப்பு கூடவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் அடிக்கடி தேவைப்படும் ஆர்டர்களை முன்கூட்டியே தொகுப்பாகச் செய்து வைத்திருந்தார்கள். பிட்ஸ்பர்க்காரர்களுக்கு மட்டும் மனப்பான்மை சரியில்லை என்று யாராவது சொல்வார்களா?

என் அம்மாவை ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது, நர்ஸ் பெண் பிபியைப் புறங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டு போவார். ஏனம்மா என்றேன். “சிஸ்டம் ஃப்ரீ இல்ல சார், ட்யூட்டி முடியறப்போ ஏத்திடுவேன்” என்று சிரித்தார். இதையும் எங்கோ ஓர் அறிக்கையில் ‘ஊழியர் ஒத்துழைப்பின்மை’ என்றுதான் எழுதியிருப்பார்கள்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு வாரம், எந்தெந்த விவரத்தை எத்தனை இடத்தில் எழுதுகிறீர்கள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்து வையுங்கள். அந்தத் தாளோடு நர்சிங் கண்காணிப்பாளரிடம் போங்கள். எந்த நோட்டை நிறுத்தலாம் என்று கேளுங்கள். அப்புறம், நைட் ட்யூட்டியில் இரண்டு மணிக்குப் பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை என்றால் யாருக்குப் போன் போடுவது என்பதையும்.