‘டிரை கிளீன் மட்டும்’ என்று போட்ட ஸ்கிரீனை வீட்டில் துவைக்கலாமா?

கேள்வி: எங்கள் ஹாலில் மாட்டியிருக்கும் ஸ்கிரீன்களில் ‘டிரை கிளீன் மட்டும்’ என்று லேபிள் இருக்கிறது. முன்பக்கத் துணி பாலியெஸ்டர், பின்னால் வெள்ளை லைனிங். தூசி அடைந்து வாடையும் வருகிறது. மெஷினில் தைரியமாகப் போடு என்கிறாள் தோழி. தண்ணீரே படக்கூடாது என்கிறார் மாமியார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் தள்ளி வைத்துவிட்டு, ஸ்கிரீனைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். பல வருடமாக ஸ்கிரீன் தைக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: தண்ணீரில் முதலில் கெடுவது பெரும்பாலும் முன்பக்கத் துணி இல்லை, அதோடு சேர்த்துத் தைத்த சாமான்கள்தான்.

டிரை கிளீனிங்கில் துணி நனையத்தான் செய்கிறது. ஆனால் தண்ணீரில் இல்லை, பெர்குளோரோஎத்திலீன் மாதிரியான ஒரு கரைப்பானில். பருத்தி, லினன், ரேயான் இழைகள் தண்ணீரைக் குடித்து உப்பும். தறியில் இழுத்துப் பிடித்து நெய்த விறைப்பு அப்போது தளர்ந்து துணி சுருங்கிவிடும். கரைப்பானில் அந்த உப்பல் இல்லை. பாலியெஸ்டர் தண்ணீரை அனேகமாக உறிஞ்சுவதே இல்லை, அதனால் அது பெரிதாகச் சுருங்காது. பிறகு ஏன் அந்த லேபிள் என்றால், பின்னால் இருக்கும் லைனிங் பருத்தியாக இருக்கலாம், தலைப்பட்டைக்குள் பசை போட்ட பக்ரம் (மடிப்பு விறைப்பாக நிற்க வைக்கும் முரட்டுத் துணி) இருக்கலாம். இருப்பதிலேயே நோஞ்சானுக்கு ஏற்ற மாதிரிதான் லேபிள் எழுதுவார்கள். புகார் வரக்கூடாது என்ற முன்ஜாக்கிரதையும் அதில் சேர்த்தி என்பது என் எண்ணம்.

லைனிங் மட்டும் சுருங்கினால் என்ன ஆகும் தெரியுமா? அது மேலே ஏறிக்கொள்ள, முன்துணி தொப்பை போட்டுத் தொங்கும். இஸ்திரி போட்டால் சரியாகாது. தையலைப் பிரித்துத்தான் தீர வேண்டும்.

எனவே முதலில் ஒரு சோதனை. கீழ் மடிப்பின் ஓரத்தில் நாலு விரல் தையலைப் பிரியுங்கள். உள்ளே மடித்து விட்ட துணியிலிருந்து, வெளியே தெரியாத இடமாகப் பார்த்து, ஒரு துண்டு வெட்டுங்கள். லைனிங்கிலும் அதேபோல ஒன்று. ஸ்கிரீனின் நீளவாக்கிலேயே பென்சிலால் சரியாக 10 செ.மீ. கோடு போட்டு, துவைக்கப்போகும் அதே தண்ணீரிலும் சோப்பிலும் அலசிக் காயவைத்து மறுபடி அளந்து பாருங்கள். கோடு 9.6 ஆகிவிட்டால் 4 சதவீதம் சுருக்கம். 250 செ.மீ. ஸ்கிரீனில் அது 10 செ.மீ. குறை, ஜன்னலுக்கும் திரைக்கும் நடுவே வெளிச்சக் கோடு தெரியும். இரண்டு துண்டும் அளவு மாறாமல் இருந்தால் பாதிக் கவலை விட்டது. சாயத்துக்கு, ஈர வெள்ளைத் துணியை மடிப்பின் உள்பக்கத்தில் வைத்து அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

இன்னும் இரண்டு இடம் பார்க்க வேண்டும். லைனிங் வெளிச்சத்தை மறைக்கும் பூச்சுத் துணியாக இருந்தால் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பொடி உதிர்ந்தால் துவைப்பதை மறந்துவிடலாம். அடுத்து, ஜன்னல் பக்க ஓரத்தை இரண்டு கையாலும் மெல்ல இழுங்கள். வெயில் பட்டுப் பட்டு இழை இற்றுப்போயிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். இற்ற துணி எந்தத் துவைப்பையும் தாங்காது, டிரை கிளீனிங் உள்பட.

பட்டு, வெல்வெட், ரேயான் என்றால் உங்கள் மாமியார் கட்சிதான் நான். ரேயான் நனைந்தால் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும், அதன் எடையே அதைக் கிழிக்கும். வெல்வெட்டின் ரோமம் படுத்துவிட்டால் எழுப்புவது லேசில்லை. லேபிளில் தொட்டிப் படத்தின் குறுக்கே பெருக்கல் கோடு இருந்தாலும், பாலியெஸ்டர்தானே என்று வாதாட வேண்டாம்.

சோதனையில் தேறியதா? கொக்கி, வளையம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். தலைப்பட்டையில் சுருக்கு நாடா தைத்திருந்தால் அதன் கயிறைத் தளர்த்தி, நுனி உள்ளே ஓடிவிடாமல் முடிச்சுப் போடுங்கள். நனைப்பதற்கு முன் தூசியை வேக்குவம் கிளீனரால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் அது சேறாகிவிடும். வாடைக்குப் பாதிக் காரணம் அந்தத் தூசிதான். பெரிய தொட்டியில் 30 டிகிரிக்கு மேற்படாத தண்ணீர், மென்மையான திரவ சோப்பு. அமுக்கி அமுக்கி எடுங்கள், முறுக்கவே கூடாது. மெஷின்தான் வேண்டும் என்றால் வலைப்பையில் போட்டு, மென்துணிக்கான சுற்றில், குறைந்த ஸ்பின்னில். பக்ரம் வைத்த ஸ்கிரீனுக்கு மெஷின் வேண்டாம். ஜோடியை ஒன்றாகவே துவையுங்கள், தனித்தனியாகத் துவைத்தால் நிறம் வித்தியாசப்படும்.

நீர் சொட்டி முடித்ததும், அரை ஈரமாக இருக்கும்போதே கம்பியில் மாட்டிவிடுங்கள். கம்பியை முதலில் துடைக்க மறந்தால் புதிய கறுப்புக் கோடு இலவசம். தன் எடையிலேயே சுருக்கம் நீங்கிவிடும். மீதிக்கு உள்பக்கத்திலிருந்து மிதமான சூட்டில் இஸ்திரி.

கேள்வி: டிரை கிளீனிங் முடிந்து வந்த ஸ்கிரீனில் மருந்து நெடி அடிக்கிறது. அப்படியே மாட்டலாமா?

பதில்: வேண்டாம். பிளாஸ்டிக் உறையை உருவிவிட்டு, வீட்டுக்கு வெளியே நிழலில் காற்றாட விடுங்கள். பெர்குளோரோஎத்திலீனை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது’ என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. டிரை கிளீனிங்கில் அதன் பயன்பாட்டை 10 ஆண்டுகளில் படிப்படியாக நிறுத்தச் சொல்லி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 டிசம்பரில் விதியே வெளியிட்டது. காற்றாட விட்டும் நெடி போகவில்லை என்றால் சரியாக உலர்த்தவில்லை என்று அர்த்தம். திருப்பிக் கொடுத்து மறுபடி உலர்த்தித் தரச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள்.

கேள்வி: எண்ணெய்க் கறையைப் பெட்ரோலில் துடைத்தால் அதுவும் டிரை கிளீனிங்தானே?

பதில்: ஐயோ, வேண்டவே வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, அடுத்த அறையில் இருக்கும் அடுப்பையோ ஸ்விட்ச் பொறியையோ தொட்டால் போதும். எண்ணெய்க் கறைக்கு டால்கம் பவுடர் தூவி ஓர் இரவு விட்டு, காலையில் மெல்லிய பிரஷால் தட்டிவிடுங்கள். பாதி போய் மீதி நின்றால் இன்னொரு இரவு.